கட்டு அவிழ்வதற்குள் விற்ற கார்

அந்தக் காரை நான் விற்றது, என் கணவர் தாடை உடைந்து, பற்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்த நாட்களில். அவர் வாய்க்கட்டை டாக்டர் அவிழ்ப்பதற்குள் வண்டி எங்கள் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெளிவாக இருந்தது. யார் வாங்குகிறார், என்ன விலை, எந்த ஊர் என்பதெல்லாம் பிறகுதான். எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி நாலு வருஷம்.

அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். சைகோன் பக்கத்துச் சண்டையெல்லாம் பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். உழவர்கரையில் எங்கள் அப்பா கேணி வைத்து மணிலாக்கொட்டை பயிர் செய்துகொண்டிருந்தார். மாசம் தவறாமல் பணம் வருகிற மாப்பிள்ளை என்று அவருக்குப் பெருமை. மூலக்குளத்தில் அவர் பாகத்துக்கு வந்த ஓட்டு வீடு, பக்கத்து மனையில் அவருடைய அண்ணன் குடும்பம். முதல் மூன்று மாதம் அவர் என்னிடம் நன்றாகத்தான் இருந்தார். சைகோனில் கற்றுக்கொண்ட ஒரு மீன் குழம்பைத் தானே சமைத்துப் போட்டார். நாலாவது மாதம், காபி ஆறிப்போயிருந்தது என்று கன்னத்தில் அறைந்தார். அவர் கை ஓங்குவது கண்ணுக்குத் தெரியாது. விழுந்த பிறகுதான் கை வந்ததே தெரியும். அடித்த பிறகு போய்க் கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டு வருவார். அந்தக் கழுவுதலைத்தான் என்னால் கடைசி வரை பொறுக்க முடியவில்லை.

ஐம்பத்துநாலில் பிரெஞ்சு ஆட்சி போன பிறகு வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. கட்டில், பீரோ, பியானோ, கார் என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அப்படி ஒரு அதிகாரியிடமிருந்து அவர் காரை வாங்கினார். கறுப்பு வண்டி. முன் கதவு பின்பக்கமாகத் திறக்கும். ஸ்டியரிங் இடதுபக்கம். பேட்டரி இறங்கிவிட்டால் முன்னால் இருக்கிற ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். தான் எந்த நாட்டுப் பிரஜை, இந்தியாவா பிரான்ஸா என்று ஒருநாள் எழுதிக்கொடுக்க வேண்டி வந்தால் தன் பெயரில் இருக்கிற சொத்து என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். அதனால் வண்டிக்கான கார்த் கிரீஸ் என்ற சாம்பல் நிறப் பதிவுச் சீட்டை என் பெயரில் எழுதி வாங்கினார். பிறகு அது ஆர்.சி. புத்தகமாக மாறியபோதும் என் பெயர்தான். நான் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் படித்தவள். என் பெயர் பிரெஞ்சு எழுத்தில் அச்சுப்போல இருந்ததைப் பார்த்து அன்று சந்தோஷப்பட்டேன்.

வண்டி வந்த பிறகு வீட்டில் அடி குறைந்தது. அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வில்லியனூர் ரோட்டில் போவார். வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

"பயமா இருக்கா?"

"இருக்குங்க."

சிரிப்பார். இல்லை என்று சொன்னால் இன்னும் அழுத்துவார். அதனால் முதலிலேயே இருக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். புளிய மரங்கள் இரண்டு பக்கமும் ஓடிவரும். ஒருமுறை மாட்டு வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே நுழைத்தார். வண்டிக்காரன் பயந்து குதித்ததில் அவன் கால் பிசகிவிட்டது. கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு, "பொழைச்சிக்குவான்" என்றார்.

ஐம்பத்தெட்டில், வெயில் காலத்தில் ஒரு நாள், முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆலைச் சங்கு ஊதி, ஷிப்டு விட்ட நேரம். ரோடு முழுக்க ஆட்கள். சைக்கிளிலும் நடையிலும், தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். யாரும் அவசரப்படவில்லை. சைக்கிளில் போன ஒருவர் வண்டியின் பானெட்டில் உள்ளங்கையால் லேசாகத் தட்டி, "மெதுவாப் போங்க தொரை" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, வண்டி பாய்ந்தது.

சைக்கிள் மடங்கிய சத்தம் முதலில் கேட்டது. பிறகு அந்த மனிதர் கத்திய சத்தம். சைக்கிளோடு அவருடைய காலும் மட்கார்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டது. "நிறுத்துங்க, ஆள் கீழ இருக்கு" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் முழங்கையால் என் மார்பில் குத்தினார். முன்னால் ஒரு மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் நின்றது.

கதவு பின்பக்கமாகத் திறக்கிற கதவு என்பதால் இழுப்பவர்களுக்கு வசதியாக இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். என் பக்கக் கதவையும் யாரோ திறந்தார்கள். குருசுக்குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த ஒரு பெண், காலிக் கூடையை இடுப்பில் வைத்திருந்தவள், என்னை வெளியே இழுத்து என் தலையைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டாள். "பாக்காதம்மா, பாக்காத" என்றாள். யாரும் என்னைத் தொடக்கூடாது என்று தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

நான் தலையை விடுவித்துக்கொண்டு பார்த்தேன். தூக்குச்சட்டியால் முகத்தில் அடித்தார்கள். அடிக்க அடிக்கச் சட்டி நசுங்கிச் சோற்றுப்பருக்கை அவர் முகத்தில் ஒட்டியது. அவர் எழுந்தார், ஒருவனை அறைந்தார், மறுபடி விழுந்தார். விலாவில் மிதித்தார்கள். நான் கத்தவில்லை. காப்பாற்றுங்கள் என்று யார் காலிலும் விழவில்லை. இன்னும் ரெண்டு போடுங்கடா என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

போலீஸ் வேன் வந்து அடிபட்ட இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றியது. என் கணவர் ஒரு பலகையில், அந்தத் தொழிலாளி எதிர்ப் பலகையில். நான் நடுவில் தரையில் உட்கார்ந்து போனேன்.

என் கணவருக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கழுத்தெலும்பும் மூன்று விலாவும் போயிருந்தன. அந்தத் தொழிலாளிக்கு முழங்காலுக்குக் கீழே நசுங்கி, நாலாம் நாள் அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு வார்டுக்கும் நடுவில் ஒரே தாழ்வாரம். அதில் ஒரு தூணருகே நான் உட்கார்ந்திருப்பேன். அடுத்த தூணருகே அந்தத் தொழிலாளியின் மனைவி உட்கார்ந்திருப்பாள். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்ப்பாள். கட்டு மாற்றும்போது அவள் புருஷன் கத்துவது கேட்கும். அப்போது அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள்.

ஒரு வாரம் கழித்து என் கணவருக்குக் கை கொஞ்சம் அசைந்தது. கஞ்சியைக் குழாயால் உறிஞ்சக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்துக்கு அந்தப்பக்கம் கத்தல் கேட்டது. அவர் விரலை அசைத்துப் பென்சில் கேட்டார். அந்த மனிதன் எப்படி இருக்கிறான் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துக் காகிதத்தை நீட்டினேன். கோணல் கோணலாக எழுதினார்.

'கார் பத்திரமா?'

நான் அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "பத்திரமா இருக்குங்க" என்றேன். அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன்.

போலீஸ் விவரம் எழுதிக்கொண்டு வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தது. சாவியை அவருடைய அண்ணன் எடுத்து மடியில் முடிந்துகொண்டிருந்தார். வண்டியை வாடகைக்கு ஓட்டலாம் என்று அவருக்கு யோசனை. புத்தகம் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. நான் யாரையும் யோசனை கேட்கப் போகவில்லை. வண்டியை ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கிடம் நேராகப் போய், "இத வித்துடணும், யாராவது கேட்டா அனுப்புங்க" என்றேன். "சார் சொன்னாரா?" என்று கேட்டார். "அவரால பேச முடியல. புக்கு எம் பேர்ல இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து கீற்றுக் கொட்டகைக்குள் நின்ற வண்டியைக் கழுவினேன். மட்கார்டின் உள்மடிப்பில் ரத்தம் காய்ந்து அரக்குப்போல ஒட்டியிருந்தது. ஆணியால் சுரண்ட வேண்டியிருந்தது. துணி நூல் ஒன்று வந்தது. அதற்கு மேல் சுரண்ட முடியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

முதலில் வந்தவர் டவுனில் மரக்கடை வைத்திருப்பவர். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார். நசுங்கிய மட்கார்டைத் தடவிக்கொண்டு, "இது இன்னாம்மா?" என்றார்.

"ஆள் மேல ஏறிடுச்சிங்க. அவருக்குக் கால் போயிடுச்சி."

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "ரத்தம் பாத்த வண்டிய நான் வாங்கறதில்ல. அதுவும் ஆம்பள இல்லாம பேசறது சரியா வராது." போகிற வழியில் பக்கத்து மனையில் நின்று என் கணவரின் அண்ணனிடம் என்னவோ பேசிவிட்டுத்தான் போனார். அன்று சாயங்காலம் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"வண்டிய விக்கிறியாமே?"

"ஆமாம் மாமா."

"உன் அப்பன் வூட்டுச் சொத்தா அது? இன்னொருத்தன் இந்த வாசல்ல கால வச்சான், அவன் காலையும் எடுக்க வேண்டிதான் இருக்கும்."

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு, கடலூரில் கல்யாணத்துக்கு வாடகைக் கார் விடுகிற ஒருவர் பஸ் பிடித்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் துண்டு. அவரிடமும் முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன். பானெட்டைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"ஓட்டனவன் ஏத்தனான். வண்டி இன்னா பண்ணும்? ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கறதுதான் எனக்குத் தொல்ல. அதுக்குக் கொஞ்சம் கொறைச்சிக்கோ தங்கச்சி. சாவி எங்க?"

"சாவி இல்லைங்க. அவங்க அண்ணன் வச்சிருக்கார். தர மாட்டார்."

அவர் என் முகத்தை ஒருதரம் பார்த்தார். கன்னத்தில் பழைய தழும்பு ஒன்று உண்டு, அதையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். மேற்கொண்டு கேட்கவில்லை. உள்ளே குனிந்து சுவிட்சுக்குப் பின்னாலிருந்து இரண்டு ஒயரைப் பிடுங்கி முறுக்கினார். முன்னால் வந்து ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். நாலாவது சுற்றில் என்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஹேண்டிலை உருவிப் பானெட் மேல் வைத்தார். "நல்ல என்ஜின்" என்றார்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அண்ணன் கொல்லையிலிருந்து ஓடிவந்தார். கையில் மண்வெட்டி. நேராக என்னிடம் வந்து கொண்டையைப் பிடித்து, என் நெற்றியை மட்கார்டில் இடித்தார். ஒருதரம், மறுபடி ஒருதரம். வண்டி அதிர்ந்துகொண்டிருந்ததால் தகரம் நெற்றியில் படபடவென்று அடித்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது.

"பொம்பளய வுடுய்யா!" என்று கடலூர்க்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். அண்ணன் திரும்பி மண்வெட்டிக் காம்பால் வீசினார். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, அந்த மனிதர் ஒரு காலை மடித்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இப்போது மண்வெட்டியைத் திருப்பி, இரும்புப் பக்கம் கீழே வரும்படி தூக்கினார்.

பானெட் மேல் இருந்த ஹேண்டில் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. தூக்கிய கையில், மணிக்கட்டுக்கு மேலே அடித்தேன். காய்ந்த முருங்கைக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. மண்வெட்டி விழுந்தது. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து "ஐயோ" என்றார். நான் மறுபடியும் ஓங்கி அவர் தோளில் அடித்தேன். முதல் அடி இல்லாவிட்டால் அந்த மனிதர் தலை போயிருக்கும். இரண்டாவது அடிக்கு அப்படி எந்தக் காரணமும் கிடையாது. அவர் கையில் ஆயுதம் இல்லை, எழுந்திருக்கவும் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் அடித்தேன். உடம்பெல்லாம் ஒரு குளுமை பரவியது.

மூன்றாவது அடிக்கு முன் கடலூர்க்காரர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். "போதும் தங்கச்சி. போதும். குடு."

அண்ணியும் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு வந்து அண்ணனைத் தூக்கிப் போனார்கள். கடலூர்க்காரர் துண்டைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டார். "இப்பவே எடுத்துட்டுப் போறேன். இன்னைக்கு வுட்டா இது எப்பவும் போவாது" என்றார். ஸ்டாம்ப் பேப்பரைப் பானெட்டில் விரித்து எழுதினோம். அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு பேப்பரில் விழுந்தது, விரலால் துடைத்தார், கறை நீண்டுவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. வண்டி ரோட்டில் ஏறும்வரை வாசலில் நின்றேன். 

அண்ணன் போலீசுக்குப் போகவில்லை. தம்பி பெண்டாட்டி அடித்துக் கை உடைந்தது என்று சொல்ல வெட்கம். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னார்.

மறுநாள் அந்தப் பணத்தில் பாதியைத் துணியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் போனேன். அந்தப் பெண் அதே தூணருகே இருந்தாள். எதிரே உட்கார்ந்து முடிச்சை அவள் மடியில் வைத்தேன்.

"வண்டிய வித்துட்டேன். இது உங்களுக்கு."

அவள் முடிச்சைப் பார்த்தாள். பிறகு கையை வீசி என்னை அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். முந்தின நாள் நெற்றியில் போட்ட தையல் விட்டுப்போய் ரத்தம் வந்தது. ஆயம்மா ஒருத்தி ஓடிவந்தாள், நான் கையைக் காட்டித் தடுத்தேன். நாலைந்து அடி அடித்துவிட்டு அவள் மூச்சு வாங்கினாள். பிறகு தன் முந்தானையை நனைத்து வந்து என் நெற்றியைத் துடைத்தாள்.

"சைக்கிள்ல சும்மாதான் போனாரு" என்றாள். "தமாசு பண்ணுவாரு. அது அவரு சுபாவம்."

பணத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் வாங்கிக்கொண்டதில் எனக்கு நிம்மதி. அவள் அடித்ததிலும் ஏதோ ஒரு நிம்மதி இருந்தது.

ஏழாவது வாரம் கட்டு அவிழ்த்து என் கணவர் வீடு வந்தார். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும் காலிக் கொட்டகையைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன். "வித்துட்டேன். பாதிப் பணம் கால் போனவங்களுக்குக் குடுத்துட்டேன். மீதி பெட்டில இருக்கு."

வலதுபக்கக் கழுத்தெலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை. அதனால் இடது கையால் அடித்தார். என் முன்பல் ஒன்று விழுந்தது. அது தரையில் உருண்டதைப் பார்த்தேன். பிறகு நான் அவர் மேல் பாய்ந்தேன். அவர் மெலிந்து போயிருந்தார், நான் தள்ளியதில் சுவரோடு போய்ச் சாய்ந்தார். தாடை எங்கே உடைந்திருந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றரை மாதம் அந்த இடத்துக்கு நான்தான் துடைத்து மருந்து போட்டேன். அதே இடத்தில் முஷ்டியால் குத்தினேன். அவர் கத்தினார். மறுபடி குத்தினேன். நான் எத்தனை தரம் குத்தினேன் என்று தெரியவில்லை. அவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் சரிந்து, பிரெஞ்சில் யாரிடமோ கெஞ்ச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை. எந்தக் காட்டில், எவனிடம் அப்படிக் கெஞ்சினாரோ.

அப்போதுதான் கை நின்றது. முஷ்டியில் அவர் எச்சிலும் ரத்தமும் இருந்தது. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். வாளியில் தண்ணீர் சிவப்பானதைப் பார்த்தபோது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. இந்த வீட்டில் இருந்தால் ஒருநாள் இவரைக் கொன்றுவிடுவேன், அல்லது இவர் என்னை. பயந்தது அவருக்காகவா எனக்காகவா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியிலிருந்த மீதிப் பணத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு உழவர்கரைக்கு நடந்தேன்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டுக் கேணிப் பக்கம் போய்விட்டார். அம்மா மட்டும் மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்தாள். மறு வருஷம் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியில் பிள்ளை குளிப்பாட்டுகிற வேலை கிடைத்தது. முதல் சில நாள் பச்சைக் குழந்தையைத் தூக்கவே பயம். இந்தக் கையை நம்ப முடியுமா என்று யோசிப்பேன். மூத்த நர்ஸ் ஒருத்தி, "இன்னாடி, கண்ணாடிச் சாமானா அது, புடி" என்று என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள். பிடித்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டில் ஊர் முழுக்க ஒரே பேச்சு, பிரான்ஸா இந்தியாவா என்று. அவர் பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தார். புறப்படுவதற்கு முன் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. தாடை ஒருபக்கம் கோணிவிட்டதால் சொற்கள் காற்றோடு சேர்ந்து வந்தன.

"நீயும் வரலாம். பேப்பர்ல பொண்டாட்டின்னு எழுதியிருக்கேன்."

"வரலைங்க."

"இனிமே அடிக்க மாட்டேன்."

நான் அவர் தாடையைப் பார்த்தேன். "நான் அடிக்க மாட்டேன்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றேன்.

 அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கப்போய், எடுக்காமல் விட்டுவிட்டார். பிறகு வெயிலில் நடந்து போனார். உள்ளே ஒரு குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது, என்னைக் கூப்பிட்டார்கள், போனேன்.